கொடிக்கம்பும் கோலாட்டக் குச்சியும்

 

கொஞ்ச நாளாக என் போனுக்கு இரண்டு விதமான கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. முதலாவது, "டீச்சர், நீங்களும் வீட்டு ஐயாவும் கோலாட்டம் ஆடறீங்களாமே, நிஜமா?" இரண்டாவது, "முன்னெல்லாம் அரசியல் பற்றிப் பக்கம் பக்கமா எழுதுவீங்க. இப்போ ஒரு வரிகூடக் காணோமே, ஏன்?" முதல் கேள்வியைக் கேட்கிறவர்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்கிறவர்கள் கொஞ்சம் கவலையோடு கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் போடக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் இரண்டுக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒரே ஒரு வீட்டுப்பாடம் உண்டு.

ஆமாம், ஆடுகிறோம். எனக்கு வயது 66, அவருக்கு 70. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஒரு இருபது நிமிஷம். தறி போட்டிருந்த அறை இப்போது காலியாக இருக்கிறது, அங்கேதான்.

பேத்தியின் பள்ளியில் ஆண்டு விழா. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோலாட்டம். "ஆயா, எனக்கு அடி மாறிப் போகுது, சொல்லிக்கொடு" என்று வந்தாள். கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும். எதிரில் ஆள் இல்லாமல் குச்சியை எங்கே தட்டுவது? திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். "சும்மா குச்சியைப் பிடிச்சுட்டு நில்லுங்க, நாங்க தட்டிக்கறோம்" என்றேன். நின்றார். இரண்டு சுற்று முடிவதற்குள் அவர் கால் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. பேத்தியின் கால் தப்பியது, என் கால்கூட ஓரிடத்தில் தப்பியது. அவர் கால் தப்பவில்லை. தறிக்குழியில் நாற்பது வருஷம் மிதித்த கால் அது. ஆண்டு விழா முடிந்தது, பேத்தி அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் குச்சியை எடுத்து வைத்துக்கொண்டு அவர்தான் கேட்டார், "இன்னிக்கு இல்லையா?" என்று.

நெசவு தெரியாத பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை என்று ஒரு வகை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டும் தனித்தனி இழை, நெய்யும்போதே ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு மூன்று நாடா தேவை. ஒரு ஆளால் முடியாது. ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் பக்கத்திலேயே உட்கார வேண்டும். பள்ளி விட்டு வந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, பல வருஷம் நான்தான் அந்த நாடாவைத் தள்ளினேன். அவர் மிதிக்கும் சத்தத்தைக் கேட்டே என் கை போகும். பேச்சு இருக்காது. சண்டை போட்ட நாளில்கூடக் கை மட்டும் தப்பாமல் போகும். அவருக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு தறியைப் பிரித்துப் போட்டோம். அதற்கப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்வதற்கென்று ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது. அவர் திண்ணையில், நான் டி.வி. முன்னால். குச்சியைக் கையில் எடுத்த பிறகுதான் அந்தப் பழைய சத்தம் வீட்டில் மறுபடி கேட்கிறது.

மகனுக்கு இதில் கொஞ்சம் சங்கடம். "ஊர்ல என்னம்மா பேசுவாங்க?" என்றான். நாத்தனார் ஒருத்தி, "இந்த வயசுல கூத்தாடணுமா அண்ணி?" என்று கேட்டே விட்டாள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கூச்சம் ஆழமான இடத்திலிருந்து வருகிறது.

நம் ஊர் ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். கும்மி பெண்களுக்கு. ஒயிலாட்டம் ஆண்களுக்கு. கூத்தில் திரௌபதி வேஷம்கூட ஆண்தான் கட்டுவார். ராஜா ராணியாகப் பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்கள், கரகம் ஆடுகிறவர்கள் என்று தொழிலாக ஆடும் கலைஞர்கள் ஜோடியாக ஆடினார்கள். அவர்களை நாம் பார்த்தோம், காசு போட்டோம், ஆனால் சமமாக உட்கார வைக்கவில்லை. குடும்பத்தில் இருக்கிற புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஆடுவதற்கு நம்மிடம் ஆட்டமே கிடையாது. சாமிகளில் ஒரு ஜோடி ஆடியது, நமக்குப் பக்கத்துத் திருவாலங்காட்டில். சிவனும் காளியும். அதுவும் போட்டி ஆட்டம். எல்லாவற்றுக்கும் காளி ஈடுகொடுத்து ஆடுகிறாள். கடைசியில் சிவன் ஒரு காலை உச்சிக்குத் தூக்குகிறார். பெண்ணாகப் பிறந்தவள் சபையில் அப்படித் தூக்க முடியாதென்று காளி நின்றுவிடுகிறாள், தோற்றாள் என்கிறார்கள். இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் எழுந்து, "அப்போ அவங்களுக்கு ஆடத் தெரியலைன்னு அர்த்தம் இல்லையே டீச்சர்" என்றாள். இன்றைக்கு அவளே ஒரு டீச்சர். இதைப் படித்தால் சிரிப்பாள்.

சதிர் ஆடியவர்கள் கதையும் நம் மண்ணில் நடந்ததுதான். பாலசரஸ்வதி அம்மா ஏழு வயதில் அரங்கேறியது காஞ்சிபுரத்தில், 1925-இல். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தைத் தடுக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடினார், 1947-இல் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம்தான். அதே காலத்தில் சதிர் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றிக்கொண்டு சபா மேடைக்குப் போனது. இரண்டுக்கும் நடுவில் எங்கள் பாட்டி, அம்மா தலைமுறைக்கு வந்து சேர்ந்த பாடம் ஒன்றே ஒன்று: ஆட்டம் என்றால் மேடையில் யாரோ ஆடுவது, நாம் உட்கார்ந்து பார்ப்பது. பார்க்கிற வீட்டுப் பெண் ஆடக்கூடாது.

இந்த வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசியலுக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோதுதான் நான் முதன்முதலில் ஆடினேன். 1977 முதல் 79 வரை இரண்டு வருஷம். காலையில் உடற்பயிற்சி, மாலையில் கும்மி, கோலாட்டம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதால் எல்லாரும் கற்றாக வேண்டும். விடுதி முற்றத்தில் முப்பது பெண்கள் வட்டமாக ஆடுவோம். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் 1986-இல் வேலை கிடைத்தது, 2017-இல் ஓய்வு. அந்த 31 வருஷத்தில் எத்தனை ஆண்டு விழா, எத்தனை குடியரசு தினம்! உங்களில் பாதிப் பேருக்கு நான் கோலாட்டம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் அது என் கூட வந்ததில்லை.

எங்கள் கல்யாணம் 1983. சீர்திருத்தக் கல்யாணம். பத்திரிகையில் "வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா" என்று போட்டிருந்தது. என் அப்பாவுக்கு அதில் பெரிய பெருமை. இப்போதைய பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியாது. சுயமரியாதைக் கல்யாணங்கள் 1928-லிருந்தே நடந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவை செல்லுமா என்ற கேள்வி நாற்பது வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது. 1967-இல் அண்ணா முதலமைச்சராக வந்த ஆண்டிலேயே இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து அதைச் செல்லும்படி ஆக்கினார்கள். ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம். உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறோம் என்று புரிகிற மொழியில் சொன்னால் போதும். மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ போதும். பக்கத்தில் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த ஒருவர் எழுதிய சட்டத்தின்படி எனக்குக் கல்யாணம் என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அன்றைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். தலைமை தாங்க வந்தவர் மூன்று மணி நேரம் தாமதம். வந்ததும் முக்கால் மணி நேரம் பேசினார். எதிர்க்கட்சியைத் திட்டினார், அடுத்த தேர்தலைப் பற்றிப் பேசினார், மாவட்டத்துக்குள் யாருக்கோ பதில் சொன்னார். மாலையும் கழுத்துமாக நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். என் பெயரை இரண்டு தடவை வேறு பெயராகச் சொன்னார். எங்கள் ஒப்பந்தத்துக்கு எங்களைவிட அவர் முக்கியமாகிப் போனார். அப்போது சிரித்துக்கொண்டோம். வட்டமாக நிற்க வேண்டிய ஒரு நல்ல காரியம் மேடையாக மாறினால் எப்படி இருக்கும் என்பதை என் கல்யாணத்திலேயே பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்காரர் ஆடமாட்டாரா என்றால், ஆடியிருக்கிறார். அதுதான் இந்தப் பதிவின் முக்கியமான இடம். அவர் வாலிப வயதில் ஆடியதெல்லாம் வெற்றி ஊர்வலத்தில். ஓட்டு எண்ணி முடித்து ரேடியோவில் சொன்னதும், மேளக்காரர்களைக் கூட்டிக்கொண்டு, கொடிக்கம்பைச் சுழற்றிக்கொண்டு, பாலுசெட்டிசத்திரம் வரை ஆடிக்கொண்டு போவார்கள். கல்யாணத்துக்குப் பின் முதலில் வந்த தேர்தலில் வாசலில் நின்று பார்த்தேன். சட்டை நனைந்து, தலையில் துண்டு கட்டி, என்ன ஆட்டம்! இவ்வளவு நன்றாக ஆடத் தெரிந்த மனிதர் வீட்டில் ஒரு நாள் பாட்டுக்குத் தலைகூட ஆட்டியதில்லையே என்று நினைத்தேன். யாரோ ஒருவர் ஜெயித்ததற்காக ஆடலாம், அதற்கு வெட்கம் இல்லை. சொந்தச் சந்தோஷத்துக்கு ஆட வெட்கம்.

சில வருஷம் கழித்து நெசவாளர் சம்பந்தமான ஒரு மனுவை எடுத்துக்கொண்டு, யாருக்காக ஆடினாரோ அவரைப் பார்க்க ஆறு பேரோடு போனார். யார், எந்தக் கட்சி என்று எழுதப்போவதில்லை. கேட்டுக்கு வெளியே காலையிலிருந்து மத்தியானம் வரை நின்றார்கள். கார் வெளியே வந்தது, கை கூப்பியது, போய்விட்டது. மனுவை ஒரு பையன் வாங்கி வைத்துக்கொண்டான். பஸ்ஸில் வரும்போது யாரும் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து, கொடிக்கம்பில் இருந்த துணியை அவிழ்த்து மடித்துப் பரணில் வைத்தார். கம்பைத் துணி காயப்போடக் கட்டினார். அதற்கப்புறம் எந்த ஊர்வலத்திலும் அவர் ஆடவில்லை. கட்சி மாறவும் இல்லை, திட்டவும் இல்லை. காலை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

எனக்கு வந்த சலிப்பு வேறு வழியாக வந்தது. அரசு ஊழியர் என்பதால் கொடி பிடித்ததில்லை, ஆனால் தேர்தல் வேலை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் வாக்குச் சீட்டு, பிறகு இயந்திரம். முதல் நாள் இரவே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்து, விடியற்காலை எழுந்து, முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப் பதிவு நடத்தி, அதை அழித்துக் காட்டி, முத்திரை வைத்து, ஏழு மணிக்குக் கதவைத் திறப்போம். அந்த வேலையின் ஒழுங்கைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பெரிய பணக்காரரும் வரிசையில் நிற்பார், களை பறிக்கிற அம்மாவும் நிற்பார். ஒரே மை. ஒருமுறை விரலை நீட்டிய ஒரு பாட்டி என்னைக் கேட்டாள், "நான் யாருக்குப் போடறேன்னு எனக்குத் தெரியும் தாயி. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?" அடுத்த ஆள் காத்திருந்தார். நான் மை வைத்து அனுப்பினேன்.

அந்தக் கேள்வி பின்னாலேயே வந்தது. ஓட்டுக்குக் கவர் வீட்டுக்கு வீடு வருகிற காலம் வந்தது. கூட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போக வேன் வந்தது, தலைக்கு இவ்வளவு என்று கணக்கு வந்தது. மேடையில் தலைவர் வரும்வரை ஆட்டக்காரர்களை விட்டு ஆடச் சொல்கிற வழக்கமும் வந்தது. பாவம், அந்தப் பிள்ளைகள் வெயிலில் ஆடுகிறார்கள், கீழே போன் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். கைத்தட்டவும் காசு, கோஷம் போடவும் காசு. ஊர்வலத்தில் தன் காசில் மேளம் வைத்து ஆடிய என் வீட்டுக்காரர் தலைமுறையை நினைத்தால், கட்சிகள் இழந்தது எது என்று புரிகிறது. நாற்காலி நிரம்புகிறது. ஆட வருகிறவன் இல்லை.

நமக்கு மிகவும் நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். ஊராட்சியின் பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு. நான் வகுப்பில் நடத்திய பாடம். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். முழுதாக ஐந்து வருஷம், ஒரு முழுப் பதவிக்காலம், தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை, தனி அலுவலர்தான். வழக்கு, வார்டு வரையறை, மாவட்டப் பிரிப்பு என்று காரணம் சொன்னார்கள். அதே வருஷம் பெண்களுக்கு உள்ளாட்சியில் 50 சதவீதம் இடம் என்று சட்டமும் வந்திருந்தது. இடம் கிடைத்தது, தேர்தல்தான் கிடைக்கவில்லை. இதற்காகத் தெருவில் இறங்கி யாரும் கத்தவில்லை. அந்த அமைதியைப் பார்த்துத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. தலைவர்கள் மேல் இருந்த வருத்தத்தைவிட அது பெரிதாக இருந்தது.

இதை எழுதும்போது உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் இருக்குமா? எத்தனை பேரை அங்கே சுற்றுலா கூட்டிப் போயிருக்கிறேன்! முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. முப்பது குடும்பு, குடத்தில் ஓலை, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. குடவோலை முறை என்றதும் எல்லாரும் ஓலையைப் பற்றித்தான் எழுதுவீர்கள், ஐந்து மதிப்பெண். நான் அதிகம் அழுத்திச் சொன்னது வேறு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவரும் நிற்க முடியாது. அதோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சபையில் பெண்ணுக்கு இடமில்லை, நிலமில்லாத உழைப்பாளிக்கு இடமில்லை. பழம்பெருமையை முழுசாக விழுங்கவும் வேண்டாம், முழுசாகத் துப்பவும் வேண்டாம். கணக்குக் கேட்பது நம் மண்ணில் புதிதில்லை என்ற அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கூத்திலும் அது உண்டு. பாரதக் கூத்தில் ராஜா வருவதற்கு முன் கட்டியக்காரன் வருவான். ராஜாவையே கிண்டல் செய்வான், அப்படியே ஊர்ப் பெரிய மனிதரையும் ஒரு இடி இடிப்பான். உட்கார்ந்திருப்பவர் சிரித்துத்தான் ஆக வேண்டும். நம் பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் ஐயாவும் அவருடைய துணைவியார் ஹன்னே அம்மாவும் கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்தி, பெண் பிள்ளைகளுக்கும் கட்டை கட்டிவிட்டு ஆட வைத்தார்கள். நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு பெண்ணும் கூத்துக் குடும்பத்தில் பிறந்த ஒரு கலைஞரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து செய்த காரியம் அது. ஆண் ஆடிய வேஷத்தைப் பெண் ஆடினாள், ஊர் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டீச்சர் அரசியலை விட்டுவிட்டாரா?

கட்சிகளைப் பற்றி எழுதுவதை நிறுத்தினேன், உண்மைதான். எந்தத் தலைவர் எந்தத் தலைவருக்கு என்ன பதில் சொன்னார் என்று எழுதி எழுதி, நானும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஓர் ஆளாக இருப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆட்டம் என்றால் யாரோ ஆடுவது, நாம் பார்ப்பது என்று பாட்டி காலத்தில் கற்றோம் அல்லவா? அரசியலையும் அப்படியே ஆக்கிவிட்டார்கள். கைத்தட்டலாம், திட்டலாம், சேனல் மாற்றலாம். உள்ளே வரமுடியாது. இந்தச் சலிப்புக்கு மருந்து இன்னொரு நல்ல தலைவர் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. மேடையில் ஆள் மாறினால் நாம் உட்கார்ந்திருக்கும் இடம் மாறாது.

கும்மிக்கு மேடை கிடையாது. எல்லார் முகமும் உள்பக்கம். யார் தாளம் தப்பினாலும் எல்லாருக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்துச் சேர்த்துக்கொள்வாள். அரசியலில் அதற்குக் கிட்ட இருப்பது எனக்குத் தெரிந்து கிராம சபை ஒன்றுதான். மரத்தடியில் தரையில் உட்கார்ந்து, ஊர்க் கணக்கை ஊர் முன் படிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிற இடம். அது எப்படி நடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். பெண் தலைவர் உட்கார்ந்திருக்க, அவர் வீட்டுக்காரர் பதில் சொல்வார். பெண்கள் பின்வரிசையில் இருந்துவிட்டு எழுந்து போவார்கள். இருந்தாலும் அந்த இடம் இருக்கிறது.

அதனால் எல்லாம் நடந்துவிடும் என்று ஆசை காட்ட மாட்டேன். 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். ஏகனாபுரத்து மக்கள் வீடும் வயலும் ஏரியும் போகிறதே என்று கிராம சபைக்குக் கிராம சபை எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள், பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் கூடி உட்கார்ந்தார்கள். திட்டம் நிற்கவில்லை, நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. விமான நிலையம் வேண்டுமென்கிற பிள்ளைகளும் என் மாணவர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் காரணம் உண்டு. நான் பார்ப்பது ஒன்றை. அந்த ஊரில் யாரும் பார்வையாளராக இல்லை. ஒரு முடிவு சரியா தவறா என்று வாதாடலாம். சம்பந்தப்பட்டவர்கள் சொன்னது காகிதத்தில் இருக்கிறது, தேதியோடு இருக்கிறது, அதை இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. கேட்டுக்கு வெளியே கொடுத்த மனுவுக்கு அந்தப் பாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் இதில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்காரர் இனிமேல் நோட்டாதான் என்கிறார். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி வந்த பொத்தான், அவருடைய உரிமை. நான் சொல்கிறேன், சட்டமன்றத் தேர்தலில் நோட்டா எத்தனை வாங்கினாலும் மிச்சமிருப்பவர்களில் அதிகம் வாங்கியவர்தான் ஜெயிப்பார், அது எதிரில் ஆள் இல்லாமல் குச்சி வீசுவது மாதிரி. அவர் சொல்கிறார், "எதிரில் நிக்கிறவன் தட்டவே வரலைன்னா நான் என்ன பண்றது?" நல்ல கேள்விதான். பதில் இன்னும் என்னிடம் முழுசாக இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். கொடியைப் பரணில் வைத்த நாளிலிருந்து அவர் அரசியல் பேசியதே கிடையாது. கேட்டால் "விடு" என்பார். ஆட ஆரம்பித்த பிறகுதான், மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கும்போது, அந்த பஸ் பயணத்தைப் பற்றியே என்னிடம் முதன்முதலில் சொன்னார். கோபத்தை இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்த மனிதர் இப்போது என்னோடு தினமும் வாதாடுகிறார். நோட்டா என்று சொல்கிறவர் ஓட்டுச்சாவடிக்கு வருகிறேன் என்று சொல்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆடினால் நாடு மாறுமா என்று ஒரு தம்பி கேட்டான். மாறாது. கோலாட்டத்தால் விலைவாசி குறையாது. ஓய்வு பெற்று வீட்டில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிற என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது சின்ன விஷயம். சேர்ந்து ஏதாவது ஒன்றைக் கை கால் அசைத்துச் செய்யுங்கள். மூட்டு வலி இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்தே குச்சி தட்டலாம், நாங்களும் பல நாள் அப்படித்தான். கட்சியில் இருக்கிற என் மாணவர்களுக்குச் சொல்வது இன்னொன்று. உங்கள் கட்சிக்காகத் தன் காசில் ஆடிய ஒருவர் ஏன் நின்றுவிட்டார் என்று உங்கள் தெருவில் ஒரு வீட்டிலாவது போய்க் கேளுங்கள். வாசலில் நிற்க வைத்த கதை அங்கேயும் இருக்கும்.

இப்போது வீட்டுப்பாடம். தமிழ்நாட்டில் கிராம சபை வருஷத்துக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் இருக்கிற பிள்ளைகள் அடுத்து வருகிற நாளில் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள் அப்பா அம்மாவை அனுப்புங்கள். நகரத்துப் பிள்ளைகள் உங்கள் வார்டில் ஏரியா சபை எப்போது என்று விசாரியுங்கள். தம்பதியாகப் போங்கள், பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள். ஒரே ஒரு கணக்கைக் கேளுங்கள். தெருவிளக்கோ, குடிதண்ணீர்க் குழாயோ, நூறு நாள் வேலையோ, ஏதாவது ஒன்று. தீர்மானப் புத்தகத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள். நானும் எங்கள் வீட்டுக்காரரும் முசரவாக்கத்தில் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறோம். அவரை அழைத்துப் போவது என் பொறுப்பு.

உங்கள் டீச்சர்
முசரவாக்கம்